விடைக்குறிப்பில் அம்மா இல்லை

கணக்குப் புத்தகத்தை உரைநடையாக எண்ணி வாசிக்கிற பழக்கம் நம் விமர்சனத்துக்கு இல்லை. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் தமிழ்ப் பாடநூலில் எந்தக் கவிஞர் இடம்பெற்றார், யார் விடுபட்டார் என்று சண்டை போடுகிறோம். அதே பையில், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் கணிதப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான குறுங்கதைகள் கிடக்கின்றன. எல்லாம் இரண்டு வரி, மூன்று வரிக் கதைகள். ராமு கடைக்குப் போகிறான். கீதா மிட்டாயைப் பங்கிடுகிறாள். அப்பா வங்கியில் தனிவட்டிக்குப் பணம் போடுகிறார். அம்மா காய்கறி வாங்கி வருகிறார். கூற்றுக் கணக்கு, வாழ்வியல் கணக்கு என்றெல்லாம் அழைக்கப்படும் இந்தச் சிறு உரைநடையை வாசிக்காமல் பள்ளியைக் கடந்தவர் இங்கே யாரும் இல்லை. வாழ்நாளில் ஒரு கவிதையும் வாசிக்காதவர்கூட இதை வாசித்திருப்பார். தப்பாக வாசித்ததற்கு அடியும் வாங்கியிருப்பார்.

அகத்திணை மாந்தருக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. தலைவிக்குப் பெயர் இல்லை. ஆனால் அவளுக்கு நிலம் உண்டு, பொழுது உண்டு, காத்திருப்பு உண்டு, அவளை உள்ளும் புறமும் அறிந்த தோழி உண்டு. கூற்றுக் கணக்கு இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறது. அங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு, ஆள் மட்டும் கிடையாது. அறுபது தர்பூசணி வாங்கிய ராமு எதற்கு வாங்கினான், எப்படித் தூக்கிக்கொண்டு போனான் என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்கிற பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஆள் இல்லாத அந்தக் கதைக்குள் ஆட்கள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மண்ணரையில் எங்கள் தெருவில் ஓர் இரவு கேட்டேன். பக்கத்து லைன் வீடு. நான்காம் வகுப்பு படிக்கிற மகள், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் அப்பா, ஓவர்லாக் அடிக்கிற அம்மா. மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. வீட்டுப்பாடத்தில் வந்த கணக்கு இது: ஒரு தையல்காரரிடம் 20 மீட்டர் துணி இருக்கிறது. நாள்தோறும் 2 மீட்டர் வெட்டுகிறார். எத்தனை நாளில் வெட்டி முடிப்பார்?

“இருபதை ரெண்டால வகுத்தா பத்து” என்றது குழந்தை.

“பத்து எப்படிக் கண்ணு வரும்? ஒம்பதாம் நாள் வெட்டுனா மிச்சம் இருக்கறதே ரெண்டு மீட்டருதான். அதை எதுக்கு வெட்டோணும்?” என்றார் அம்மா.

“முதல்ல, ஒரு நாளைக்கு ரெண்டு மீட்டரு வெட்டறவனை எந்தக் கம்பெனியில வெச்சிருப்பாங்க? அதுவுமில்லாம துணியை எவன் மீட்டர்ல அளக்கறான்?” இது அப்பா.

“ஏனுங்க, நீங்க சும்மா இருங்க. புள்ளையைக் குழப்பாதீங்க.”

“நீ ஒம்பதுங்கறே, அவ பத்துங்கறா. குழப்பறது நானா?”

கடைசியில் குழந்தை அழுதுகொண்டே சொன்னது: “பத்துன்னு போட்டாத்தான் மிஸ்ஸு ரைட்டுப் போடுவாங்க.”

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பத்து என்பது வகுத்தலின் விடை. ஒன்பது என்பது வெட்டுகளின் விடை. 20 மீட்டரைப் பத்துத் துண்டாக்க ஒன்பது வெட்டுப் போதும். புதிர்க் கணக்குப் பிரியர்களுக்கு இது பழைய வேடிக்கை. அந்த அம்மாவுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை, தொழிலாகத் தெரிந்தது. தேவையில்லாத ஒரு வெட்டு, தேவையில்லாத ஒரு தையல் என்றால் அது அவருடைய கூலி நேரம். அப்பாவின் ஆட்சேபம் இன்னும் ஆழமானது. பின்னல் துணியின் கணக்கு கிலோவில் நடக்கிறது. துணியின் கனத்தை, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். 160 கிராம் துணி என்றால் ஒரு கிலோவுக்கு ஆறேகால் சதுர மீட்டர் வரும். அதை அடுக்கடுக்காக விரித்து ஒரே மூச்சில் வெட்டுவார்கள். துணியாலேயே வாழ்கிற ஊரின் பிள்ளைக்கு, துணியைப் பற்றித் தெரியாத ஒருவர் எழுதிய துணிக் கணக்கு வந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்பம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறக்க வேண்டியிருந்தது.

இந்த மறதி உலகப் பொதுவானது. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர் ஐந்து பேரைப் பின்தொடர்ந்து தெரேசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சந்தையில் வாடிக்கையாளர் போலக் கேட்டபோது பிள்ளைகள் சொன்ன விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 விழுக்காடு. 35 குருசேரோ வீதம் பத்துத் தேங்காய்க்கு விலை கேட்டால், பையன் 35-க்குப் பின்னால் சுழியம் போடவில்லை. மூன்றுக்கு 105, இன்னொரு மூன்றுக்குச் சேர்த்து 210 என்று ஏறிக்கொண்டே போய் 350-இல் நின்றான். 2025-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைப் பிள்ளைகளிடம் நடத்திய பெரிய ஆய்வும் இதையே காட்டியது. சந்தையில் மனக்கணக்குப் போடும் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிக் கணக்கு போடும் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை.

இந்த ஆய்வுகள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகின்றன. நான் அம்மாக்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். ஒரு பீஸுக்கு 1 ரூபாய் 35 காசு, 42 டஜன் அடித்தால் எவ்வளவு என்று பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணைக் கேளுங்கள். 42-ஐப் பன்னிரண்டால் பெருக்கி, அதை 1.35-ஆல் பெருக்கித் தசமப்புள்ளி வைக்கிற வழி அவருடையதாக இருக்காது. 500 பீஸுக்கு 675, மீதி நாலு பீஸுக்கு அஞ்சு நாப்பது, ஆக 680 ரூபாய் 40 காசு. பங்கீட்டு விதி என்று பாடநூல் அழைப்பதை அவர் தினமும் செய்கிறார். சனிக்கிழமை சம்பளத்தில் நாலு டஜன் விடுபட்டால் தாள் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். அதே பெண்தான் மகளின் நோட்டுக்கு முன்னால், “எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு, நான் எட்டாவதுதான்” என்கிறார். எங்கிருந்து வந்தது இந்தத் தாழ்மை?

வந்த வழி நீளமானது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதி நம் துணைக்கண்டத்தின் புகழ்பெற்ற கணித நூல். நூலுக்கே பெண்ணின் பெயர். மான்விழியாள் என்றும் இளம்பெண் என்றும் விளித்துக் கணக்குகள் கேட்கப்படுகின்றன. லீலாவதி அவருடைய மகள், மணமாகாமல் போனவளுக்கு ஆறுதலாக எழுதியது என்ற கதை, 1587-இல் ஃபைசி செய்த பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்து பரவியது. கணக்குக்குள் பெண்ணை மதித்து அழைத்த நூல் என்று இதைக் கொண்டாடுகிறோம். அதே நூலில் எதிர்விகிதத்துக்கு எடுத்துக்காட்டாக இன்னொரு பெண்ணும் வருகிறாள். பதினாறு வயது அடிமைப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் என்றால் இருபது வயதுக்காரியின் விலை என்ன? விடை 25 நிஷ்கமும் ஐந்தில் மூன்று பங்கும். வயது கூடக்கூட விலை குறையும் என்பதால் இது எதிர்விகிதம். கணக்கில் பிழை ஏதுமில்லை. ஒரு பெண் கேள்வி கேட்கப்படுபவளாகவும் இன்னொருத்தி கேள்வியின் சரக்காகவும் ஒரே நூலுக்குள் இருக்க முடிகிறது. கணக்கின் கதைப்பகுதி வெறும் அலங்காரம் என்போர் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். எதை எதோடு விகிதப்படுத்தலாம் என்பதை முதலில் சமூகம் தீர்மானிக்கிறது. வகுத்தல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

நம் பக்கத்துக் கணக்கதிகாரத்தில் அழகான கணக்குகள் உண்டு. பலாப்பழத்தை அரியாமலே சுளையை எண்ணுவதற்கு, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. கையில் எண்ணெய் தடவிப் பழத்தை அரிந்து சுளையெடுத்தவர்கள் அந்த ஓலையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. தாமஸ் மன்றோவின் காலத்தில், 1820-களில், சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுத்தபோது இருந்த மாணவர்கள் 1,88,650 பேர். அதில் பெண்குழந்தைகள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. திண்ணையில் எண்சுவடி ஒலித்த காலத்தில் அடுப்படியில் ஆழாக்கும் உழக்கும் அரைக்காலும் மாகாணியும் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒன்று கல்வி என்றும் மற்றது கைப்பழக்கம் என்றும் பிரிக்கப்பட்டன. மண்ணரை அம்மாவின் “எனக்குத் தெரியாது” அந்தப் பிரிவினையின் பேத்தி.

இனி, வேலையும் நாளும் கணக்குகளுக்கு வருவோம். இத்தனை ஆண்கள் அல்லது இத்தனை பெண்கள் அல்லது இத்தனை சிறுவர்கள் ஒரு வேலையை இத்தனை நாளில் முடிப்பார்கள் என்று தொடங்கும் கணக்கு தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இன்றும் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு ஆணுக்கு மூன்று பெண் சமம், மூன்றுக்கு நான்கு சமம் என்று போகும். என்ன வேலை என்று சொல்லாமலே பெண்ணின் வேகம் குறைக்கப்பட்டிருக்கும். படிக்கிற பிள்ளை விகிதசமத்தோடு இந்தத் தீர்ப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்த ஒரு கணக்கு இதைத் திருப்பிப் போட்டது. இரண்டு பெண்களும் ஐந்து ஆண்களும் ஒரு பூத்தையல் வேலையை நான்கு நாளில் முடிக்கிறார்கள். மூன்று பெண்களும் ஆறு ஆண்களும் என்றால் மூன்று நாள். தனியாகச் செய்தால் யாருக்கு எத்தனை நாள்? போட்டுப் பார்த்தால் பெண்ணுக்கு 18 நாள், ஆணுக்கு 36 நாள். பெண் இருமடங்கு வேகம். மகிழ்ச்சிதான். ஆனால் பெண்ணை வேகமாக்குவதற்கு வேலையைப் பூத்தையலாக்க வேண்டியிருந்தது. தவிர, கணக்கு நாளோடு நின்றுவிடுகிறது, கூலியைக் கேட்கவில்லை. நேரமும் வேலையும் பாடத்தில், செய்த வேலையின் விகிதத்தில் கூலியைப் பிரிக்கச் சொல்லும் கணக்குகள் உண்டு. அந்த விதியை இங்கே பொருத்தினால் அந்தப் பெண்ணுக்கு ஆணைப்போல் இருமடங்கு நாள்கூலி வரவேண்டும். திருப்பூரில் கூலி அப்படிப் பிரிவதில்லை. கட்டிங்குக்கும் தையலுக்கும் ஒரு கூலி. பெண்கள் நிறைந்திருக்கிற செக்கிங்குக்கும், டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடிக்கும் அதைவிடக் குறைந்த கூலி. ஒரு பீஸில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு ஏன் குறைவு என்று கேட்டால், அது லேசான வேலை என்பார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கிற லேசான வேலை.

இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்தைப் பார்க்க வேண்டும். காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்டு இந்த ஊரின் சாதாரண நாள். வீட்டுப்பாடம் என்ற சொல்லிலேயே ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் மாலை நான்கு மணிக்கு ஒருத்தி இருக்கிறாள். படித்தவள், வேலைக்குப் போகாதவள், பொறுமை உள்ளவள். பிள்ளைக்குத் திண்பண்டம் கொடுத்து நோட்டைத் திறந்து உட்காருவாள். பள்ளி அவளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை, ஆனால் அவளை நம்பித்தான் பாடவேளையைப் பிரிக்கிறது. மண்ணரையில் அவள் இல்லை. ஒன்பது மணிக்கு வருகிறவள் அடுப்புக்கும் நோட்டுக்கும் நடுவே நிற்கிறாள்.

2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் ஊதியமற்ற வேலையில் ஈடுபட்டார்கள். அவர்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதும் இதில்தான் அடங்கும். விழுக்காட்டையும் நிமிடத்தையும் பெருக்கிப் பார்த்தால், மொத்தப் பெண்களுக்குத் தலைக்கு 57 நிமிடம், ஆண்களுக்குத் தலைக்கு 16 நிமிடம் என்று வருகிறது. சமைப்பது, துவைப்பது, தண்ணீர் பிடிப்பது இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு.

2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். புத்தகப்பை கனக்கிறது, பிள்ளைகள் தூங்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த நல்ல உத்தரவு. அப்போது நடந்த பொது விவாதம் முழுக்கப் பிள்ளையின் முதுகைப் பற்றியே இருந்தது. அந்தப் பையை இரவில் திறக்கிறவளின் முதுகு பேச்சில் வரவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து எல்லாம் பழையபடிதான். கணக்கு தப்பாகிப்போனால், “வீட்டில் பார்ப்பதில்லையா?” என்ற கேள்வி முதலில் அம்மாவிடம்தான் வரும். “அம்மா வேலைக்குப் போறாங்க” என்று பிள்ளை சொன்னால், அது காரணமாக அல்ல, குற்ற ஒப்புதலாகப் பதிவாகும். அப்பாவும் வேலைக்குத்தான் போகிறார். பிறகு டியூசன். ஷிப்டில் சம்பாதித்ததில் ஒரு பங்கு, ஷிப்டில் இருந்ததற்கான அபராதமாகப் போகிறது.

பாடநூல் எழுதியவர்கள் இதையெல்லாம் உணரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பின் வந்த மேத் மேஜிக் புத்தகங்களில் அக்கறையும் துணிச்சலும் இருந்தன. நான்காம் வகுப்பில் பழைய இரும்புக்கடை நடத்தும் கிரண் என்ற பெண் வந்தார். கடன் வாங்கினார், வண்டிக்காரர்களிடம் சரக்கு எடுத்தார், லாபம் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் மீனவப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து தங்களுக்கென ஒரு வங்கி தொடங்கினார்கள். பெயருக்குப் பின்னால் ஆள் இருந்த கணக்குகள் அவை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஆடிப் பாடிப் படிக்கும் வகுப்பறையைக் கொண்டுவந்தது. இவற்றை மதிக்கிறேன். ஆனால் பாத்திரத்தை மாற்றுவது பாதி வேலைதான். கிரணைப் பற்றிய பாடத்தையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு கைமடிப் பெண்தான் சொல்லித் தரவேண்டும் என்றால், புத்தகத்துக்குள் வந்த பெண் புத்தகத்துக்கு வெளியே இருக்கிற பெண்ணின் நேரத்தில்தான் வாழ்கிறாள்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். தொடக்க வகுப்புக் கணக்குப் பயிற்சி பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் முன்னிலையில் முடியட்டும். வீட்டுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால், வீட்டுக்குத் தெரிந்ததைப் பிள்ளை கேட்டுவரும்படி அனுப்புங்கள். அம்மா 42 டஜனை எப்படிக் கணக்கிடுகிறார், எழுதி வா. ஒரு கிலோத் துணியில் எத்தனை பனியன் வெட்டலாம் என்று அப்பாவிடம் கேட்டு வா. சம்பளச் சீட்டில் வருங்கால வைப்புநிதிக்கு 12 விழுக்காடு, இ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு பிடித்திருக்கிறார்களா, சரிபார்த்து வா. இதுவும் ஒன்பது மணிக்கு மேல் ஐந்து நிமிடம் கேட்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா தெரியாதவளாக இருக்க மாட்டாள்.

குழப்பமான கணக்கைப் பார்த்துக் குழப்பம் என்று சொல்லத் தெரிவதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. தென்மாவட்டங்களின் ஏழைப் பெற்றோரிடம் இங்குள்ள நூற்பாலைகளின் தரகர்கள் ஒரு கூற்றுக் கணக்கைக் கொண்டுபோனார்கள். பெயர் சுமங்கலித் திட்டம். மகள் மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும். 2011-இல் வெளியான ‘கேப்சர்ட் பை காட்டன்’ என்ற ஆய்வறிக்கை இதை உலகுக்குச் சொன்னது. அந்தத் தொகை பரிசாகச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் அது அவள் கூலியிலேயே பிடித்துவைத்த பணம். மூன்று ஆண்டில் 1,095 நாள். 50,000-ஐ வகுத்தால் நாளுக்கு 46 ரூபாய்கூட வராது. அதைவிடக் கொடுமையான வரி ஒன்று இருந்தது. உடம்பு முடியாமல் 34-ஆம் மாதம் வெளியேறினால் எவ்வளவு கிடைக்கும்? விகிதசமம் படித்த பிள்ளை 36-இல் 34 பங்கு என்று எழுதும். பல பெண்களுக்குக் கிடைத்த விடை சுழியம். அடிமைப் பெண்ணின் வயதுக்குக்கூட விகிதம் பார்த்த கணக்கு மரபு, ஆலைப் பெண்ணின் உழைப்புக்கு வரும்போது விகிதத்தையே கைவிட்டது.

அந்தக் கணக்கு பெற்றோர் முன்னால் வைக்கப்பட்டபோது, வெட்டத் தேவையில்லாத கடைசி இரண்டு மீட்டரைக் கண்ட அம்மாவைப்போல் யாரோ ஒருத்தி, “இதெப்படிங்க வரும்?” என்று கேட்டிருப்பாள். உனக்கென்ன தெரியும் என்று அவளை அடக்குவது அப்போது சுலபமாக இருந்திருக்கும். பள்ளிக்கூடம் அதற்கு முன்பே அவளிடம் அதைச் சொல்லி முடித்திருந்தது.